தட்டையின் தரம் தெரிந்தவர்கள்

ஆய்வுக்கூடத்தில் ஜெயித்த மாட்டுத் தீவன ஆராய்ச்சி, தொழுவத்தில் பலமுறை தோற்றிருக்கிறது. அதற்கான காரணத்தை ஹைதராபாத்தின் தீவனச் சந்தை ஓரளவு விளக்கியது.

சோளத்தட்டை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பேரம் நடக்கும் இடத்தில் தராசைத் தவிர வேறு கருவி எதுவும் இருப்பதில்லை. வாங்க வந்தவர் தட்டையை ஒடித்துப் பார்ப்பார். இலை எவ்வளவு ஒட்டியிருக்கிறது, தண்டு மிருதுவா முரடா, மழையில் நனைந்து நிறம் மங்கியிருக்கிறதா என்று கவனிப்பார். தண்டில் இனிப்பு இருக்கிறதா என்பதும் அவருக்கு முக்கியம். பிறகுதான் விலையைப் பேசுவார். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு எல்லாமே காய்ந்த தட்டைதான். ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் ஏன் விலை மாறுகிறது என்பது அவருக்குப் பிடிபடாது.

2000-களின் நடுவில் ஹைதராபாத்தில் இந்தப் பேரத்தைச் சில விஞ்ஞானிகள் உன்னிப்பாகக் கவனித்தார்கள். சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ப்ளூமெல், பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் பொருளாதார நிபுணர் பார்த்தசாரதி ராவ் ஆகியோரின் ஆய்வு அது. நகரத்திலும் அதன் ஓரங்களிலும் எருமை வைத்துப் பால் விற்பவர்களுக்காகச் சந்தைக்கு வரும் சோளத்தட்டையை ரகவாரியாக வாங்கினார்கள். அதன் விலையைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் அதன் செரிமானத் தன்மையை, அதாவது நூறு பங்கு தின்றால் எத்தனை பங்கு மாட்டின் வயிற்றில் செரிக்கும் என்பதை, அளந்தார்கள்.

மட்டமான தட்டையில் 47 சதவீதம் செரித்தது. முதல்தரத் தட்டையில் 52 சதவீதம். வித்தியாசம் வெறும் ஐந்து புள்ளி. ஆனால் விலை? மட்டமான தட்டை கிலோ 3 ரூபாய்க்குச் சற்று மேல் விற்றபோது, முதல்தரம் 4 ரூபாயை நெருங்கியது. கிட்டத்தட்டக் கால் பங்கு கூடுதல். செரிமானத் தன்மை என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத வியாபாரிகளும் மாட்டுக்காரர்களும் கையாலும் கண்ணாலும் அதை அளந்து, அதற்குத் தகுந்த பணத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பல நாள் சோதனையில் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்ததைச் சந்தை ஏற்கெனவே விலையாக எழுதிவைத்திருந்தது.

இதைச் சுவாரஸ்யமான தகவல் என்று படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தியாவில் மாட்டுத் தீவன ஆராய்ச்சியின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த ஐந்து புள்ளி உறுத்தும். ஏனென்றால் அதுவரை பல ஆண்டுகள் கேள்வி வேறு மாதிரி கேட்கப்பட்டு வந்தது. 'விஞ்ஞானம் சொல்வதை இவர்கள் ஏன் கேட்பதில்லை?' என்பதுதான் அந்தக் கேள்வி.

கால்நடைத் தீவனத்தை ரசாயன முறையில் பகுத்துப் பார்க்கும் வழக்கம் ஜெர்மனியில் தொடங்கியது. 1860-களில் கோட்டிங்கன் நகருக்கு அருகில் வீண்டே என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்னபெர்க், ஸ்டோமன் என்ற இருவர், தீவனத்தில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, புரதம், கொழுப்பு, நார் எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். இன்றுவரை உலகமெங்கும் தீவன மூட்டைகளின் மேல் அச்சிடப்படும் விவரங்களுக்கு அதுதான் மூலம். அந்த முறையை வைத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அட்டவணைகள் பிறந்தன. இத்தனை கிலோ எடையுள்ள பசு இத்தனை லிட்டர் பால் கறக்க இவ்வளவு சத்து தேவை என்று அவை சொல்லின. ஆனால் அவை நல்ல உலர்புல்லும் ஓட்ஸும் பார்லியும் தின்ற மாடுகளை வைத்துப் போட்ட கணக்கு.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சி 1920-களில் பெங்களூரில் வேரூன்றியது. அங்கே இருந்த இம்பீரியல் கால்நடை, பால்பண்ணை நிறுவனத்துக்கு 1927-ல் காந்தி சென்றதும் மாடு வளர்ப்புப் பற்றிக் கேட்டுக் கற்றுக்கொண்டதும் பலருக்குத் தெரிந்த செய்தி. பிறகு இசாத்நகரில் கே.சி.சென் முதலியோர் இந்தியத் தீவனங்களுக்கென்றே சத்து அட்டவணைகளைத் தயாரித்தார்கள். வைக்கோல், சோளத்தட்டை, கடலைக்கொடி, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வகைகள் எல்லாம் அதில் இடம்பெற்றன. அசாத்தியமான உழைப்பு அது. அந்த அட்டவணைகள் ஒரு கசப்பான உண்மையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. நாட்டின் பெரும்பாலான மாடுகள் தின்பது, அட்டவணையில் கடைசி வரிசையில் இருக்கும் சரக்கு.

2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கும் அதிகமான மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. இவற்றுக்கென்று யாரும் பெரிய அளவில் பயிர் செய்வதில்லை. மனிதன் தானியத்தை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் வைக்கோலும் தட்டையும்தான் அவற்றின் பிரதான உணவு. பசுந்தீவனப் பற்றாக்குறை எவ்வளவு என்று கேட்டால் பத்தில் ஒரு பங்கு என்கிறது ஒரு மதிப்பீடு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்கிறது இன்னொன்று. கணக்குகள் இவ்வளவு வேறுபட்டாலும் பற்றாக்குறை இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே வைக்கோலை எப்படி நல்ல உணவாக மாற்றுவது என்பதே ஆராய்ச்சியின் பெரிய கனவானது.

மாடு வைக்கோலைத் தின்கிறது என்பது பாதி உண்மைதான். உண்மையில் வைக்கோலைத் தின்பவை மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். அசைபோடும் பிராணிகளின் நான்கு அறை வயிற்றில் முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி. பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை என்று கோடானுகோடி உயிர்கள் அங்கே நாரைச் சிதைத்துப் புளிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்கள்தான் மாட்டுக்கு எரிபொருள். பிறகு அந்த நுண்ணுயிரிகளே அடுத்தடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டு, செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன. மாட்டுக்குத் தீனி போடுவது என்றால் முதலில் இந்த நுண்ணுயிரிகளுக்குத் தீனி போடுவது என்று அர்த்தம்.

நெல் வைக்கோலில் அவற்றுக்கு இரண்டு சங்கடங்கள். நாரைச் சுற்றி லிக்னின் என்ற கட்டைப் பொருளும் மணல் சத்தான சிலிக்காவும் அரண் போல நிற்கின்றன. உள்ளே நுழைவது கடினம். இரண்டாவது, வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். நுண்ணுயிரிகள் நன்றாகப் பெருகுவதற்கு 7 சதவீதமாவது வேண்டும். விளைவாக வைக்கோல் வயிற்றில் வெகுநேரம் தங்குகிறது. தொட்டி நிரம்பியிருப்பதால் மாடு மேற்கொண்டு தின்பதில்லை. வயிறு நிறைந்திருந்தும் உடம்பு பட்டினி கிடக்கிறது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி எளிமையானது, அழகானதும்கூட. நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 40 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி மூன்று வாரம் வைத்துவிட வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி நாரின் கட்டுகளைத் தளர்த்தும். கொஞ்சம் அம்மோனியா வைக்கோலிலேயே தங்கி நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜனாகும். புரதக் கணக்கு இரட்டிப்பாகும். செரிமானமும் கூடும். மாடும் அதிகம் தின்னும். எத்தனையோ ஆய்வுக்கூடங்களில், எத்தனையோ நாடுகளில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. தொழில்நுட்பத்தில் பழுதில்லை.

1980-களில் கால்நடைத் துறைகள், பால் ஒன்றியங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் கிராமங்களில் செயல்முறை விளக்கம் நடத்தின. விவசாயிகள் கூடி நின்று பார்த்தார்கள். தலையாட்டினார்கள். சிலர் ஒருமுறை செய்தும் பார்த்தார்கள். பிறகு பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். அறிக்கைகளில் இதற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று காரணம் எழுதுவது சுலபம். பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆனால் ஒரு கூட்டம் வேறு மாதிரி யோசித்தது. இந்தியாவும் நெதர்லாந்தும் சேர்ந்து பயிர்க் கழிவுகளைத் தீவனமாக்குவது பற்றி நடத்திய கூட்டுத் திட்டம் அது. அதில் பங்கேற்ற இந்திய விஞ்ஞானிகளும் ஹான்ஸ் ஷீரே போன்ற டச்சு ஆய்வாளர்களும், கிரண் சிங்கும் ஷீரேயும் பதிப்பித்து 1993-ல் வெளிவந்த தொகுப்பில் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். யூரியா வைக்கோல் பயன்படுமா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை, யாருக்கு, எங்கே, எந்தப் பருவத்தில் பயன்படும் என்று கேட்க வேண்டும் என்ற திசையில் அவர்கள் சிந்தனை போயிற்று. வைக்கோல் மலிவாகவும் ஏராளமாகவும் இருக்க வேண்டும். பசுந்தீவனம் கிடைக்காத காலமாக இருக்க வேண்டும். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூடுதல் பாலுக்கு நல்ல விலை இருக்க வேண்டும். இந்த நாலும் ஒன்றுசேரும் இடத்தில் மட்டும்தான் அது லாபம்.

அந்த நாலும் ஒன்றுசேராத வீட்டில் நிலைமை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண். இந்தியாவின் பெரும்பகுதியில் தொழுவ வேலை பெண்களின் தலையில்தான் விழுகிறது. இரண்டு மாடுகளும் சேர்ந்து நாளுக்கு 12 கிலோ வைக்கோல் தின்றால் மூன்று வாரத்துக்கு 250 கிலோ. அதற்கு 10 கிலோ யூரியா. 100 முதல் 150 லிட்டர் தண்ணீர், அதாவது பத்துக் குடத்துக்கு மேல். பிளாஸ்டிக் தாள் தனிச் செலவு. அதை எலி கடிக்கும், காற்று கிழிக்கும். ஒரு குவியல் தீர்வதற்குள் அடுத்த குவியல் தயாராக வேண்டும். எனவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே வேலை. மூடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி. ஆறவைத்துத்தான் போட முடியும். முதல் சில நாள் மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். யூரியாக் கரைசலைத் தெரியாமல் மாடு குடித்துவிட்டால் விஷம். இத்தனைக்கும் மாடு கறப்பது மூன்று லிட்டர் என்றால் கூடப்போவது எவ்வளவு? கோடையில் பத்துக் குடம் தண்ணீரை யார் சுமப்பது? யூரியா மூட்டை வாங்கினால் அது வயலுக்குப் போகுமா, வைக்கோலுக்குப் போகுமா?

அவள் வேண்டாம் என்று சொன்னது அறியாமையால் அல்ல. அவள் கணக்கில் தன் உழைப்புக்கும் ஒரு விலை இருந்தது. ஆய்வுக்கூடத்தின் கணக்கில் அந்த வரி விடுபட்டிருந்தது.

இதே பாடத்தை வேறு வழியில் சொன்னவர்கள் டி.ஆர்.பிரஸ்டனும் ஆஸ்திரேலியாவின் ஆர்.ஏ.லெங்கும். வெப்ப நாடுகளில் கையில் இருக்கும் தீவனத்துக்கு ஏற்றாற்போல் கால்நடை வளர்ப்பை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதையே தலைப்பாக்கி 1987-ல் அவர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்ற பழமொழியின் விஞ்ஞான வடிவம் என்று சொல்லலாம். குளிர்நாட்டு அட்டவணையில் வைக்கோலின் மதிப்பைப் பார்த்து மனம் தளர வேண்டாம், நுண்ணுயிரிகளுக்குக் குறைவது எதுவோ அதை மட்டும் கொஞ்சம் கொடுத்தால் அதே வைக்கோல் வேறு மாதிரி வேலை செய்யும் என்றார்கள். தேசிய பால்வள வளர்ச்சி வாரியம் 1980-களில் லெங்கோடு சேர்ந்து செய்த வேலையில் யூரியா, மொலாசஸ், தாது உப்பு கலந்த நக்குக் கட்டி உருவானது. மாட்டின் முன் வைத்துவிட்டால் போதும். கட்டி கெட்டியாக இருப்பதால் மாடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நக்க முடியும். விஷ பயம் குறைவு. தண்ணீர் சுமக்க வேண்டாம், வைக்கோலை மிதிக்க வேண்டாம். அதற்கும் இடைஞ்சல்கள் வராமல் இல்லை. சாராய ஆலைகளுக்குத் தேவைப்படும் மொலாசஸ் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த சரக்கு. மாட்டுக்கு மிஞ்சுவது சுலபமாக இருக்கவில்லை.

விவசாயியின் மறுப்புக்குப் பின்னால் காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு தேடினால் பல இடங்களில் அது கிடைக்கிறது. பஞ்சாப் ஒரு உதாரணம். அங்கே ஆண்டுதோறும் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் விளைகிறது. அதில் கணிசமான பகுதியை வயலிலேயே கொளுத்துவதும் அந்தப் புகை டெல்லி வரை போவதும் ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் செய்தியாகிறது. மாட்டுக்குப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தெற்கிலும் கிழக்கிலும் மாடுகள் நெல் வைக்கோலைத்தானே தின்கின்றன? ஆனால் பஞ்சாப் விவசாயியின் கையில் கோதுமை வைக்கோல் இருக்கிறது. கதிரடிக்கும்போதே பொடியாக நொறுங்கும் அது சேமிக்கவும் கலந்து போடவும் வசதி. நெல் வைக்கோலை இயந்திரம் வயலெங்கும் சிதறவிட்டுப் போகிறது. அடுத்த கோதுமை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். அவசரத்தில் ஈரத்தோடு அள்ளிக் குவித்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த நெல் வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வாலும் காதும் அழுகி, குளம்பு கழன்று விழும் நோய் அந்த வட்டாரத்தில் பல தலைமுறைக்குத் தெரிந்த விஷயம். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் டேக் என்ற ஓடையின் பெயரால் அதற்கு டேக்நாலா நோய் என்றே பெயர். தன் எருமையின் வால் அழுகி விழுந்ததைப் பார்த்தவரிடம் வைக்கோலின் புரதக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. முதலில் அதைக் காயவைக்க அவருக்கு நேரமும், அள்ளிக் கட்ட இயந்திரமும், அதை வாங்க ஆளும் வேண்டும்.

ஹைதராபாத்தின் அந்த ஐந்து புள்ளி இந்தப் பின்னணியில்தான் முக்கியமாகிறது. வைக்கோலை அறுவடைக்குப் பிறகு பக்குவப்படுத்தித் திருத்துவதை விட, திருத்தமான தட்டையைத் தரும் பயிரையே விதைத்தால் என்ன? பயிர் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் தட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம் 1964-ல் வந்தது. விளைச்சலைக் கூட்டுவதே இலக்கு. மழைக்காலச் சோளத்தில் வீரிய ஒட்டு ரகங்கள் பரவின. ஆனால் சோலாப்பூர், பீஜப்பூர் பக்கத்து கரிசலில் பின்பருவச் சோளம் விதைப்பவர்கள் எம்.35-1 என்ற பழைய மால்தண்டி ரகத்தை விடவில்லை. 1930-களில் மகாராஷ்டிரத்தின் மோஹோலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. ரொட்டிக்கு ஏற்ற வெள்ளைத் தானியம், மண்ணின் ஈரத்தைக் கொண்டே விளையும் குணம் ஆகியவை ஒரு காரணம். உயரமாக வளர்ந்து மாடு விரும்பித் தின்னும் தட்டையைத் தந்தது இன்னொரு காரணம். பிற்போக்கு என்று எண்ணப்பட்ட பிடிவாதம் உண்மையில் இரட்டை லாபக் கணக்கு. ஹைதராபாத் ஆய்வு நடந்த காலத்தில் கிலோவுக்குக் கிலோ தட்டையின் விலை தானிய விலையில் பாதியைத் தொட்டிருந்தது. தானியம் கொஞ்சம் கூடி, தட்டை முரடாகும் ரகத்தால் விவசாயிக்கு நஷ்டம்தான்.

இது புரிந்தபின் பட்டான்செருவில் வேலையின் போக்கு மாறியது. தட்டையைப் பொடித்து அகச்சிவப்பு ஒளியில் காட்டினால் அதன் தரத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும் கருவி இருக்கிறது. அதைக்கொண்டு ஆயிரக்கணக்கான சோள மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒரே அளவு தானியம் தரும் ரகங்களுக்குள்ளேயே தட்டையின் தரம் கணிசமாக வேறுபடுவது தெரிந்தது. அதாவது தானியத்தை இழக்காமலே நல்ல தட்டையைத் தேர்ந்தெடுக்க முடியும். விவசாயிக்கு இதில் கூடுதல் வேலை எதுவும் இல்லை. தண்ணீர் சுமக்க வேண்டாம், தாள் வாங்க வேண்டாம். வேறு விதை போட்டால் போதும்.

அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலையிலும் இதே அனுபவம். அங்கே பல பத்தாண்டுகள் கோலோச்சியது திண்டிவனத்தில் உருவாகி 1940-ல் வெளிவந்த டி.எம்.வி.2. மழை பொய்க்கும் பூமியில் கடலை கருகினாலும் கொடியாவது மாட்டுக்கு மிஞ்சும் என்பது விவசாயியின் கடைசி நம்பிக்கை. இக்ரிசாட்டின் ஐ.சி.ஜி.வி.91114 ரகத்தை அங்கே விவசாயிகளோடு சேர்ந்து சோதித்தபோது காயும் கூடியது, வறட்சியையும் தாங்கியது. அந்தக் கொடியைத் தின்ற மாடுகளிடம் பாலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதிகம் கிடைத்தது. வயலும் தொழுவமும் ஒரே குடும்பத்தின் இரண்டு பைகள் என்பது விவசாயிக்குத் தெரியும். ஆராய்ச்சி நிறுவனங்களில்தான் பயிருக்கு ஒரு துறை, மாட்டுக்கு ஒரு துறை.

தொழுவத்துக்குள்ளேயே நடந்த முயற்சிகளில் கவனிக்கத்தக்கது, தேசிய பால்வளத் திட்டத்தின் கீழ் 2012-லிருந்து நடந்த சரிவிகிதத் தீவனத் திட்டம். கிராமத்தைச் சேர்ந்த ஒருவரே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போவார். மாட்டின் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணக்கிடுவார். எவ்வளவு பால், எவ்வளவு கொழுப்பு என்று குறிப்பார். அந்த வீட்டில் என்னென்ன தீவனம் இருக்கிறது, என்ன விலை என்று கேட்பார். கம்ப்யூட்டர் நிரல் இருப்பதை வைத்தே மிகக் குறைந்த செலவில் எதை எவ்வளவு போடலாம் என்று சொல்லும். 25 லட்சத்துக்கும் அதிகமான மாடுகளுக்கு இப்படிக் கணக்குப் பார்க்கப்பட்டது.

தெரியவந்த செய்தி எளிமையானது. பல வீடுகளில் மாடு பட்டினியாக இல்லை. சாப்பாடு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. புண்ணாக்கோ தவிடோ தேவைக்கு மேல், தாது உப்பு அறவே இல்லை. மண்ணில் துத்தநாகமும் தாமிரமும் பாஸ்பரசும் குறைந்தால் அங்கே விளையும் தட்டையிலும் குறையும். அதைத் தின்னும் மாடு பருவத்துக்கு வராமல் மாதக்கணக்கில் நிற்கும். சினை பிடிக்காத ஒவ்வொரு மாதமும் கறவை இல்லாத மாதம்தான். அதற்கான மருந்து ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. வட்டாரத்துக்கு வட்டாரம் எது குறைகிறது என்று ஆராய்ந்து, அந்தந்தப் பகுதிக்கென்றே கலவை தயாரிக்கும் வேலையை பெங்களூர் ஆடுகோடியில் உள்ள தேசிய நிறுவனமும் தமிழ்நாட்டின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் போன்றவையும் செய்திருக்கின்றன. ஒரு பிடி உப்பு. ஆராய்ச்சியின் சாதனைகளில் பகட்டில்லாதது இதுதான், ஏழை வீட்டுக்கு அதிகம் உதவியதும் இதுவாக இருக்கலாம். தீவனத்தைச் சரிப்படுத்திய வீடுகளில் பால் சற்றுக் கூடியது, தீவனச் செலவு குறைந்தது. பாலின் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் 2019-ல் அந்தத் திட்டத்தின் காலம் முடிந்தது. திட்டங்களுக்குக் காலவரையறை உண்டு. மாட்டின் பசிக்கு இல்லை.

இப்போது புதிதாக ஒரு கேள்வி தொழுவத்தின் வாசலுக்கு வந்திருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் நார் புளிக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விடப் பல மடங்கு வீரியமுள்ளது அது. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்பதாக உறுதி எடுத்தன. இந்தியா அதில் சேரவில்லை. சிறு விவசாயியின் இரண்டு மாடுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் மாட்டைக் காப்பாற்றும் வாதம் அதை வைத்திருப்பவளின் கணக்கைத் தீர்த்துவிடாது. மோசமான வைக்கோலைத் தின்று குறைவாகக் கறக்கும் மாடு, ஒரு லிட்டர் பாலுக்கு அதிக மீத்தேனை விடுகிறது. அதாவது உண்ட சக்தியில் ஒரு பகுதியை அவள் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறாள். சரிவிகிதத் தீவனம் கொடுத்த மாடுகளில் மீத்தேன் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்ததைப் பால்வள வாரியத்தின் அளவீடுகள் காட்டின. டானின் உள்ள தாவரங்களிலிருந்து ஆடுகோடி நிறுவனம் உருவாக்கிய 'ஹரித் தாரா' என்ற கலவை மீத்தேனை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது.

நல்ல செய்திதான். ஆனால் யூரியா வைக்கோலின் கதை தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தக் கலவையை யார் வாங்குவது? ஏப்பத்தில் மீத்தேன் குறைந்தால் உலகத்துக்கு லாபம். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலை ஊற்றிவிட்டு வரும் பெண்ணின் பால் அட்டையில் மீத்தேனுக்கு என்று ஒரு பத்தி கிடையாது. கொழுப்புக்கும் அளவுக்கும்தான் அவளுக்குக் காசு. கலவையின் செலவைப் பாலின் கூடுதல் ஈடுகட்டினால் அவள் வாங்குவாள். இல்லையென்றால் வாங்கமாட்டாள். அப்போதும் அறிக்கையில் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதப்படும் ஆபத்து இருக்கிறது.

ஆராய்ச்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. கையால் ஒடித்துப் பார்த்து நல்ல தட்டையை அறிகிறவர்களால் துத்தநாகக் குறைவை அறிய முடியாது. நாரின் கட்டை அம்மோனியா தளர்த்தும் என்பதும் தொழுவத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக்கூடிய விஷயமல்ல. இரண்டு அறிவும் வேண்டும். ஆனால் எது முதலில் கேட்கப்படுகிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. அந்த வீட்டில் என்ன தீவனம் மிஞ்சுகிறது, தண்ணீர் எவ்வளவு தூரம், கையில் எப்போது காசு வரும், வேலையை யார் செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போன விஞ்ஞானம் விதையாகவும் ஒரு பிடி உப்பாகவும் கிராமத்துக்குத் திரும்பி வந்தது. விசாரிக்காமல் போன விஞ்ஞானம் கிழிந்த பிளாஸ்டிக் தாளோடு தொழுவத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அடுத்து வரும் ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், மாட்டுக்குத் தினமும் தீனி போடுகிறவளிடம் இந்த நாலு கேள்விகளைக் கேட்டாயிற்றா என்று முதலில் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. செலவும் அதிகமில்லை.